வலுசிம்பி போட்ட எச்சரிக்கை வரி

கம்பாலா நகரத்தின் நட்டேட்டே சந்தை முனையில் முட்டைச் சப்பாத்தி போடுகிறவனுக்கு வலுசிம்பியைக் கண்டாலே ஆகாது. மற்றவர்கள் எல்லாம் கேட்டுவிட்டு நிற்பார்கள், சுருட்டித் தந்ததும் வாங்கிக்கொண்டு போவார்கள். வலுசிம்பி மட்டும் முட்டையைத் தானே பொறுக்குவான். ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பான்.

"ஐயா, உள்ள யாராச்சும் பேசறாங்களா?" என்று கடைக்காரன் ஒருநாள் கேட்டேவிட்டான்.

"பேசினா உன்னைப் பத்தித்தான் பேசும்" என்றான் வலுசிம்பி. முட்டையை மாற்றிக்கொண்டான்.

வாடகை மோட்டார்சைக்கிளில் ஏறும்முன் வண்டி எண்ணை மனப்பாடம் செய்வான். ஊரிலிருந்து அத்தை மகன் ஒருவன் போன் செய்து, "பெரிய மாமா போயிட்டாருடா" என்று அழுதபோது, "எந்தப் பெரிய மாமா? அவருக்குக் கடைசிப் பொண்ணு பேர் என்ன?" என்று கேட்டவன் இவன். அதோடு விட்டானா? "பக்கத்துல அழறவங்க யாராவது இருந்தா அவங்ககிட்டக் குடு" என்றான். அந்த வீட்டார் இன்றுவரை இவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. துக்க வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நின்றதும், பந்தல் கட்டியதும், குழி வெட்டும்வரை கூட இருந்ததும் அவர்கள் கணக்கில் சேரவில்லை. எனக்கு அதில் அவன்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு.

அவன் பிறந்தது மிட்யானாவில். இருபது வயதில் கம்பாலாவுக்கு வந்து, பழைய டாக்ஸி நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்தான். மக்கள் வாங்கிவரும் கைப்பேசி அசலா போலியா என்று பார்த்துச் சொல்வதுதான் பிழைப்பு. பேட்டரியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே பாதி சொல்லிவிடுவான். அங்கேதான் நல்வோகா ஒருநாள் வந்தாள். நர்சிங் படித்துக்கொண்டிருந்த பெண். புதுப் போனை நீட்டினாள். அவன் புரட்டிப் பார்த்து, "போலி" என்றான்.

அவளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்க மட்டும் அசலா?"

அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். மறுவாரம் அவளைத் தேடிக்கொண்டு விடுதி வாசலில் போய் நின்றான். மணம் முடிந்து, கிராபோ என்று ஒரு மகள் பிறந்து, வலுசிம்பி நெட்வொர்க் வேலையெல்லாம் கற்றுக்கொண்டு, கடைசியில் நல்வோகா பாடம் நடத்தும் அதே மிஷன் நர்சிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் பொறுப்பாளனாகச் சேர்ந்தான். கல்லூரியின் மெயில் சர்வர் அவன் கையில் வந்தது. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

போன வருடம் கல்லூரி மானம் கப்பலேறியது. கல்லூரி முதல்வர் அம்மாவின் பெயரில் எல்லா மாணவிகளுக்கும் ஒரு மெயில் போயிற்று. விடுதியில் தொற்றுக் காய்ச்சல் பரவுகிறது, உடனே அவரவர் வீட்டுக்குக் கிளம்புங்கள் என்று. முதல்வர் அம்மா காலைத் தேநீரை முடித்துவிட்டு வெளியே வந்து பார்க்கிறார், பாதி விடுதி தலையில் மெத்தையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது! ஒருத்தி வடக்கே தூரத்தில் இருக்கும் குலு நகரம் வரைக்கும் போய்விட்டாள். எவனோ விளையாட்டுக்குச் செய்தது. அன்று மாலையே முதல்வர் அம்மா வலுசிம்பியைக் கூப்பிட்டு, "இனிமே என் பேர்ல இன்னொருத்தன் பேசக் கூடாது. என்ன வேணா பண்ணு" என்று சொல்லிவிட்டார்.

என்ன வேண்டுமானாலும் செய்யச் சொல்லி வலுசிம்பியிடம் சொல்லலாமா?

அவன் ஆசிரியைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினான். அதே கல்லூரியில் வேலை பார்க்கிற நானும் அந்தப் பேச்சைக் கேட்டேன். நன்றாகவே பேசினான்.

"ஒருத்தன் உங்க வீட்டு வாசலுக்கு வந்து, நான் புனுகுப்பூனைக் குலம்னு சொல்றான். உடனே பொண்ணு குடுத்துருவீங்களா? அப்பன் யாரு, தாத்தன் யாரு, உங்க குலத்துப் பூர்வீக மலை எதுன்னு கேக்கமாட்டீங்க? அவன் சொன்னதோட நிறுத்துவீங்களா? குலத்தலைவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி, இப்படி ஒருத்தன் உங்க ஆளான்னு விசாரிப்பீங்கல்ல? மெயிலுக்கும் அதேதான். மேல போட்டிருக்கிற பேரை எவன் வேணா போட்டுக்கலாம். விசாரிக்கணும்."

விசாரிக்கும் முறையையும் சொன்னான். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இணையத்தில் ஒரு டொமைன் பெயர் உண்டு. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் தெரியும்படி ஒரு பதிவு இருக்கும். எங்கள் மெயில் இந்தச் சர்வர்களிலிருந்துதான் புறப்படும் என்று அதில் எழுதிவைத்திருப்பார்கள். கூடவே ஒரு திறந்த சாவியும் இருக்கும். அதற்கு ஜோடியான ரகசியச் சாவி நிறுவனத்திடம் மட்டும் இருக்கும். மெயில் புறப்படும்போது ரகசியச் சாவியால் ஒரு முத்திரை குத்தி அனுப்புவார்கள். வாங்குகிறவன் திறந்த சாவியை எடுத்து அந்த முத்திரையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டும் பொருந்தினால் அசல்.

"வழியில எவனாவது ஒரு வார்த்தையை மாத்திட்டா?" என்று ஒரு ஆசிரியை கேட்டாள்.

"ஒரு வார்த்தை என்ன, ஒரு புள்ளி சேத்தாக்கூட முத்திரை உடைஞ்சிரும். அதான் இதோட அழகே."

சொன்னதைச் செய்தும் காட்டினான். கல்லூரி பெயரில் முத்திரை இல்லாமல் வரும் மெயிலை உலகத்தில் எந்தச் சர்வராக இருந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பவேண்டும் என்று பதிவில் எழுதிவைத்தான். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மெயிலின் தலையிலும் சிவப்பில் ஒரு வரி தானாக ஏறும்படி செய்தான்: 'எச்சரிக்கை. இது கல்லூரிக்கு வெளியிலிருந்து வந்தது. நம்புமுன் யோசிக்கவும்.' முதல்வர் அம்மாவுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாள் எல்லோரும் அதைப் படித்தார்கள். பிறகு சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி அது யார் கண்ணிலும் படவில்லை, போட்டவன் கண் உட்பட.

இனி நல்வோகாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் நடத்துவது பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு. குறைமாதத்தில் பிறந்து உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற பிள்ளைகளைக் காப்பாற்றுகிற வேலை. பாதியைக் காப்பாற்ற முடிவதில்லை. அப்படி ஒரு பிள்ளை போன நாளில் வீட்டுக்கு வந்தால் அவள் சோறு தொடமாட்டாள். "எனக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இருக்கு, கிராபோ அப்பா. அதைத் தெரிஞ்ச ஒருத்தி அங்க நின்னிருந்தா அது பொழைச்சிருக்கும்" என்பாள். கேப் டவுனில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை அதற்கென்றே ஒரு வருடப் படிப்பு நடத்துகிறது. அங்கேயே தங்கிப் படிக்கவேண்டும். அவள் விண்ணப்பித்தாள். வலுசிம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னான். வீட்டு ஆண்கள் வாயிலிருந்து வருகிற அந்த 'பாக்கலாம்' என்ன ரகம் என்று பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒருநாள் மாலை, வாழைக்காயை அவித்து மசித்த மட்டோக்கேயும் கடலைக் குழம்பும் பரிமாறிவிட்டு நல்வோகா போனை அவன் முன்னால் வைத்தாள். 

"இடம் கிடைச்சிருச்சு. படிங்க."

அவன் படித்தான். படிப்புக்குக் கட்டணம் இல்லை, தங்க இடம் அவர்களே தருகிறார்கள், பாஸ்போர்ட் நகல் அனுப்பவேண்டும், பத்து நாளைக்குள் சம்மதம் சொல்லவேண்டும்.

"கட்டணம் இல்ல, வீடு சும்மா. யாரு இப்படி அள்ளிக் குடுப்பா?"

"குடுக்கறாங்க. அதான் எழுதியிருக்கே."

"பாஸ்போர்ட்டைக் கேக்கறான். பத்து நாள்ல பதில் சொல்லுங்கறான். அவசரப்படுத்தறான் பாரு." மெயிலின் உள்விவரத்தைத் திறந்தான். நல்வோகாவின் கல்லூரி மெயில் அவளுடைய சொந்த முகவரிக்குத் தானாக வந்துவிடும்படி அவனே வசதி செய்துகொடுத்திருந்தான். உள்விவரத்தில் மூன்று வரி இருந்தது. புறப்பட்ட சர்வர் பதிவோடு பொருந்தவில்லை. முத்திரை பொருந்தவில்லை. மொத்தத்தில், தேறவில்லை.

முதல் வரியை அவன் சட்டை செய்யவில்லை. ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும்போது அது அப்படித்தான் ஆகும், அவனுக்குத் தெரியும். ஆனால் முத்திரை? எத்தனை கை மாறினாலும் முத்திரை உடையக் கூடாதே!

"பொய்" என்றான். "முத்திரை உடைஞ்சிருக்கு. எவனோ அந்த ஆஸ்பத்திரி பேர்ல விளையாடறான். இதோ பாரு, மேலயே சிவப்புல எச்சரிக்கைன்னு வேற போட்டிருக்கு."

"ஒரு போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"எந்த நம்பருக்கு? அவன் குடுத்த நம்பருக்கா? திருடன்கிட்டயே போய் நீ திருடனான்னு கேப்பியா? விடு, நானே விசாரிக்கிறேன்."

வேறு யாராக இருந்தாலும் நல்வோகா எதிர்த்து நின்றிருப்பாள். ஆனால் இவன் பேச்சைக் கல்லூரியே கேட்கிறது. அவள் போனை எடுத்துக்கொண்டாள். பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்த சான்றிதழ்களை மறுபடி உள்ளே வைத்தாள். "நல்லவேளை, பாஸ்போர்ட்டை அனுப்பித் தொலைச்சிருப்பேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கிராபோவின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் வலுசிம்பி அந்த முகவரியைக் கல்லூரி வாசலிலேயே தடுத்துவிட்டான். இனி அங்கிருந்து எது வந்தாலும் சர்வர் உள்ளே விடாது. விசாரிக்கிறேன் என்று சொன்னானே, அதைச் செய்யவில்லை. உறுதியாகத் தெரிந்ததை எதற்கு விசாரிப்பது என்று இருந்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்து, வார்டில் நல்வோகா நின்றுகொண்டிருந்தபோது வெளிநாட்டு எண்ணிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல், மரியாதையான குரல். இரண்டு முறை நினைவூட்டினோம், மெயில் திரும்பி வந்துவிட்டது, இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோம், வருத்தம்தான், காரணம் மட்டும் தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டது. நல்வோகா அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாளாம். கூட இருந்த நர்ஸ் சொன்னாள்.

அவள் நேராகக் கணவனின் அறைக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வலுசிம்பி முதலில் என்ன சொன்னான் தெரியுமா? "அந்தப் போனும் பொய்யா இருக்கும்!"

நல்வோகா கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அதன்பிறகுதான் அவன் செய்யவேண்டியதைச் செய்தான். மருத்துவமனையின் டொமைன் பதிவைத் தேடி எடுத்தான். திறந்த சாவி இருந்தது, அழகாக, முறையாக. அவர்கள் சர்வர் பட்டியலும் சரியாக இருந்தது. எவனாவது பதிவுக்குள் புகுந்துவிட்டானா என்று பார்த்தான். இல்லை. பிறகு அந்த மெயில் கல்லூரி வாசலுக்கு வந்து நின்ற நொடியில் தன் சர்வர் என்ன குறித்துவைத்தது என்று திறந்தான். முத்திரை பொருந்துகிறது, அசல், உள்ளே விடலாம். அதற்கு அடுத்த வரியில், மெயிலின் தலையில் எச்சரிக்கை வரி சேர்க்கப்பட்டது. அதற்கும் அடுத்து, நல்வோகாவின் சொந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது.

வலுசிம்பி அந்த வரிகளை மறுபடி படித்தான். அசலாக வந்த மெயிலில் ஒரு வரியைச் சேர்த்தது அவன். சேர்த்ததும் முத்திரை உடைந்தது. உடைந்ததை மனைவியின் போனில் பார்த்து, பொய் என்று தீர்ப்பு சொன்னதும் அவன்தான். ஊர் உலகத்தில் ஒவ்வொரு சர்வரையும் சந்தேகப்பட்டவன் தன்னுடையதை மட்டும் சந்தேகப்படவில்லை.

மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் மறைக்கவில்லை, அன்று மாலையே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். நல்வோகா முழுக்கக் கேட்டாள்.

"தெரிஞ்சே சொன்னீங்களா?"

"சத்தியமா தெரியாது."

"புள்ளி வெச்சாலே உடையும்னு எங்களுக்குப் பாடம் எடுத்தவரு நீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"மறந்துட்டேன், கிராபோ அம்மா."

"நான் போறது உங்களுக்குப் பிடிக்கலன்னு எனக்குத் தெரியும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு ம்பிகியில் இருக்கும் தன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மனைவி கோபித்துக்கொண்டு போனால் புருஷன் தேடிக்கொண்டு போகத்தான் வேண்டும். வலுசிம்பி நீள வெள்ளை அங்கியும் மேல்கோட்டும் போட்டுக்கொண்டான். சர்க்கரை, சோப்பு, வாழையிலையில் கட்டிய இறைச்சி எல்லாம் எடுத்துக்கொண்டான். கூடவே லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டான். சமாதானம் பேசப் போகிறவன் லேப்டாப்போடு போவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நல்வோகாவின் அத்தை குண்டான பெண்மணி, பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணின் கல்யாண வழக்கும் அவள் முன்னால்தான் தீரும். மாப்பிள்ளையைப் பாயில் உட்காரவைத்தாள். நலம் விசாரித்தாள். ஊர், மழை, வாழைத்தோட்டம் எல்லாவற்றையும் முறைப்படி கேட்டு முடித்தாள். நல்வோகா உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தாள்.

"இப்ப சொல்லுங்க மாப்பிள்ளை. எங்க பொண்ணு வாழ்க்கையில திறந்த கதவை யாரு சாத்தினது?"

வலுசிம்பி லேப்டாப்பைத் திறந்தான். மெயிலின் ஒரு நகலை எடுத்து, சிவப்பு வரியோடு முத்திரையைச் சோதித்துக் காட்டினான். பொருந்தவில்லை. பிறகு அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டுச் சோதித்தான். பொருந்தியது. அத்தை எட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். செய்தான்.

"சரி. சேதி அசல். உங்க வரி ஏறினதால முத்திரை உடைஞ்சது. அதுவரைக்கும் ஒத்துக்கறேன். நான் கேக்கறது வேற. சோத்துத் தட்டுக்கு முன்னால உக்காந்துகிட்டு பொய்னு சொன்னீங்களே, அப்ப இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது அத்தை."

"சாட்சி?"

"சர்வர்ல பதிவாகும். நான் எதை எப்பத் திறந்தேன்னு எல்லாம் அதுல விழும். அன்னிக்கு நான் திறக்கவே இல்ல. இதோ காட்டறேன்."

"இருங்க. அந்தப் பதிவு யாரு பொறுப்புல இருக்கு?"

"என் பொறுப்புல."

"அதுல அழிக்கணும், மாத்தணும்னா யாரால முடியும்?"

வலுசிம்பிக்குப் புரிந்துவிட்டது. தன் கையிலுள்ள பதிவையே சாட்சி என்று வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் அவனே சிரித்திருப்பான்.

"என்னால மட்டும்தான்."

"அப்ப அந்தப் பொட்டியை மூடுங்க."

மூடினான். மட்டோக்கே வேகும் வாசம் பின்கட்டிலிருந்து வந்தது. அத்தை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை, நான் படிக்காதவ. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அந்த முத்திரை உடைஞ்சிருக்குன்னு பாத்தீங்களே, அந்த நேரத்துல மனசுல என்ன வந்துச்சு? வருத்தமா?"

வருத்தம் என்று சொல்லியிருக்கலாம். எந்தச் சர்வரும் அவனைக் காட்டிக்கொடுத்திருக்காது. வலுசிம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஒரு பெரிய மனிதனின் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து அத்தைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்ல" என்றான். "நிம்மதியா இருந்துச்சு. போகமாட்டாள்னு நிம்மதி. அதனாலதான் மேற்கொண்டு பாக்கல. வேற யாரோட மெயிலா இருந்திருந்தாலும் நான் அப்பவே எழுந்து போய் சர்வரைத் திறந்திருப்பேன். விசாரிக்கிறேன்னு சொல்லிட்டு விசாரிக்காம இருந்ததும் அதனாலதான்."

திரைச்சீலை விலகியது. நல்வோகா வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம்.

"இதை நம்பறேன்" என்றாள்.

வலுசிம்பி சட்டென்று பாயிலிருந்து எழுந்தான். லேப்டாப்பையும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"உக்காருங்க. நம்பறேன்னுதான் சொன்னேன். வர்றேன்னு சொல்லல." அவள் திரைச்சீலையை முழுக்க ஒதுக்கிவிட்டாள். "அடுத்த வருஷத்துக்கு மறுபடி எழுதிப் போட்டிருக்கேன். உங்க வாசலுக்கு வராத முகவரி குடுத்திருக்கேன். பதில் வர்ற வரைக்கும் நானும் கிராபோவும் இங்கதான் இருப்போம். அசலா, பொய்யான்னு நான் பாத்துக்கறேன்."

அத்தை அவன் கொண்டுவந்த சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வலுசிம்பி மறுபடி பாயில் உட்கார்ந்தான்.